யாழ்ப்பாணத்தில் ஓடுவதற்குக் கூரை திறக்கும் கார்: மைனரா, எஸ் 660 ஆ, ரோட்ஸ்டரா?

கூரை திறக்கும் கார் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வைத்து ஓட விரும்புகிறவர், அந்தக் கூரை வருடத்தின் பெரும்பகுதி மூடியே இருக்கும் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை காலை எட்டு மணி தாண்டினால் தலையில் வெயில் விழ பலாலி வீதியில் போக முடியாது. ஐப்பசி பிறந்தால் மாரி மழை. மிஞ்சுவது தை, மாசி மாதத்துக் காலைகளும், மற்ற நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பின்னர் இருட்டும்வரை கிடைக்கும் ஒரு மணித்தியாலத்துச் சொச்சமும்தான். அந்த நேரத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போகும்போது இரு மருங்கும் கடல் விரிய, சோழகக் காற்று முகத்தில் அடிக்கும் இன்பத்துக்காகவே இந்தக் கார்களை விரும்புகிறோம். ஆனால் வாங்கும் முடிவை எடுக்கும்போது, மூடிய கூரையோடு அந்தக் கார் எப்படி இருக்கும், வெயிலில் நின்று எது பழுதாகும், மழையில் எங்கே ஒழுகும் என்ற கேள்விகளுக்கே கூடுதல் இடம் கொடுக்க வேண்டும். ஒன்பது மாதம் தேடி ஒன்றை வாங்கிய பின்னர் எனக்கு இது ஐயமற விளங்கியது.

தெரிவுகள் இயல்பாகவே குறைவு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதித்த பின்னரும் பாவித்த கார்களுக்கு வயதெல்லை இருப்பதால், முப்பது வருடத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை யப்பானில் மலிவாக எடுத்துக் கப்பலில் ஏற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவற்றுள்தான் தேடல். அப்படித் தேடும்போது சாதாரண வருமானமுள்ள ஒருவரின் கைக்கு எட்டக்கூடியவை மூன்று வகை: பழைய பிரித்தானியக் கார்கள், அவற்றுள் முதன்மையாக மொரிஸ் மைனரின் துணிக்கூரை மொடல், 660 சீசீ எஞ்சின் கொண்ட யப்பானிய சிறு கார்கள், அவற்றுள் ஹொண்டா எஸ் 660, டைஹற்சு கோப்பன்; மூன்றாவதாக மஸ்டாவின் எம்எக்ஸ்-5, அதாவது யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஜெர்மன் கார்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றின் மின்சாரக் கூரை நடுவழியில் நின்றுவிட்டால் அதைச் சீர்செய்யக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். வட மாகாணத்தில் இருக்கிற ஒருவர் அத்தகைய காரை வாங்குவது சரியென்று எனக்குப் படவில்லை.

எங்கள் வீட்டில் குடும்பத்துக்கென்று ஒரு சிறிய ரொயோட்டா இருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ரொயோட்டா இல்லாவிட்டால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மைனரில் இருந்து தொடங்குவோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தபோதே துணிக்கூரை மொடலும் கூடவே வந்தது. 1969 வரை ஏறக்குறைய 75,000 துணிக்கூரை மைனர்கள் உற்பத்தியாயின. 1952க்குப் பின்னர் வந்தவற்றில் ஏ-சீரிஸ் எஞ்சின்: முதலில் 803 சீசீ, 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. கடைசி எஞ்சின்கூட 48 குதிரைவலுதான் தரும். ஆகவே சொல்லின் சரியான பொருளில் இது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. ஆனால் ஸ்ரியறிங்கின் துல்லியம் அந்தக் காலத்துக் கார்களில் அரிதானது. நாற்பது மைல் வேகத்தில் வல்லைவெளியைக் கடக்கும்போது கைக்கு வருகிற உணர்வு பல புதிய கார்களில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் மைனருக்கு உள்ள பெரிய பலம் இங்கேயுள்ள கைகள். 1990இன் நடுப்பகுதியில் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமற் போனபோது, எங்கள் ஊர் மெக்கானிக்குகள் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் கேம்பிரிஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்த எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் அவர்களுக்குப் பாடம். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும் என்பதால், அக்காலத்தில் இங்கேயே ஓடிய கார் ஒன்றை வாங்குவதாயின், பிற்பாடு சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) எஞ்சினைப் புதுப்பித்தார்களா என்று கேட்பது அவசியம். உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரையில், இலங்கையிலேயே மைனரின் தகடுகள் அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட காலமும் இருந்தது; இன்றும் தட்டுப்பாடு பெரிதாக இல்லை.

பலவீனம் வேறொன்று. சந்தையில் துணிக்கூரை மைனர் என்று விற்கப்படுபவற்றுள் பல, பிறப்பில் துணிக்கூரை மைனர்கள் அல்ல. இரண்டு கதவு மூடு காரின் கூரையை வாளால் அரிந்து துணி போட்டவை. மைனருக்கு அடியில் தனியான இரும்புச் சட்டம் (செசி) கிடையாது, உடலே சட்டம். கூரையும் பாரத்தைத் தாங்குகிறது. தொழிற்சாலையில் துணிக்கூரை மொடலைச் செய்தபோது, கூரை இல்லாத குறையை ஈடுசெய்ய, டாஷ்போட்டின் இரு மூலைகளிலும் முக்கோணத் தகடுகளும், கதவுக்குப் பின்னாலுள்ள தூணில் மேலதிக வலுவும், தரையின் ஓரங்களில் தடித்த தகடும் சேர்த்தார்கள். ஊர்ப் பட்டறையில் அரிந்த காரில் இவை இராது.

சாவகச்சேரியில் ஒரு மைனர். வெளிர் நீலம், புதுப் பெயின்ற், கண்ணாடிபோல் மினுங்கியது. என் தம்பியையும் எங்கள் மெக்கானிக்கையும் பின் இருக்கையில் இருத்திவிட்டு, முன்கதவைச் சாத்திப் பார்த்தேன். கதவின் மேல்விளிம்புக்கும் தூணுக்கும் இடையில் வெறுங்காரில் சின்னவிரல் நுழைந்த இடைவெளி, இப்போது தீக்குச்சிகூட நுழையாத அளவுக்கு ஒடுங்கியிருந்தது; கதவு கொளுவியில் விழ மறுத்தது. பாரம் ஏறியதும் கார் நடுவில் தொய்கிறது என்பதே அதன் பொருள். மெக்கானிக் ஒன்றும் பேசாமல் இறங்கி, பொனற்றைத் திறந்து, உள்ளே பதித்திருந்த தகட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். பிற்கால மைனர்களில் அந்தத் தகட்டிலுள்ள இலக்கம் எம்.ஏ.ரீ. என்ற எழுத்துகளோடு தொடங்கினால் அது பிறப்பிலேயே துணிக்கூரை, அதில் எம்.ஏ.2எஸ். என்றிருந்தது, அதாவது இரண்டு கதவு மூடு கார். பதிவுப் புத்தகத்தில் உடல் வகை என்ற இடத்தையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய காரை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்கக் கூடாது என்பதே என் அழுத்தமான கருத்து. அது விலையால் ஈடுசெய்யக்கூடிய குறையல்ல. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வாகனம், ஒரு மோதலில் நடுவால் மடிந்துவிடும்.

உண்மையான எம்.ஏ.ரீ. மைனர் ஒன்றையும் பருத்தித்துறைப் பக்கத்தில் பார்த்தேன், அது வேறு தரம். நான்கு பேர் தாராளமாக இருக்கலாம், அம்மாவைப் பின்னால் இருத்தி நல்லூருக்குக் கூட்டிப் போகலாம், ஒழுங்கைகளின் மேடுபள்ளத்தில் அடி தட்டாது. ஆனால் ஏசி இல்லை, நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக், முன்சில்லைத் தாங்கும் திருகு மூட்டுக்குக் காலம் தவறாமல் கிறீஸ் அடிக்காவிட்டால் ஓடும்போதே அது கழன்று சில்லு சாய்ந்துவிடும். மாதம் ஒரு தடவை கிறீஸ் துப்பாக்கியோடு காருக்குக் கீழே படுக்க மனமுள்ளவருக்கே மைனர் பொருந்தும். உரிமையாளர் விலையில் ஒரு சதமும் இறங்கவில்லை. அவருடைய கார் அதற்குத் தகுதியானது என்பதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

பிரித்தானியக் கார்களில் இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். ட்ரையம்ப் ஹெரால்டுக்குத் தனிச்சட்டம் உண்டு. அதன் கூரை ஆணிகளால் பூட்டப்பட்ட தனிப்பாகம். ஆகவே மூடு ஹெரால்டின் கூரையைக் கழற்றித் துணிக்கூரை பூட்டியிருந்தாலும், மைனரைப் போல் அது உயிராபத்தான வேலையல்ல. பார்க்க வேண்டியது சட்டத்தின் பக்கவாட்டுக் கைகளில் கறள் ஏறியிருக்கிறதா என்பதைத்தான். 1961இலிருந்து சென்னையில் ஹெரால்ட் உற்பத்தி செய்யப்பட்டதால், தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு உதிரிப்பாகத்துக்கு ஒரு வழி உண்டு. எம்ஜி மிட்ஜெற் உண்மையான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் 1098, 1275 சீசீ எஞ்சின்கள் மைனரின் எஞ்சினுக்கு உடன்பிறந்தவை என்பதால் எங்கள் மெக்கானிக்குகளுக்கு அது புதிதல்ல. ஆயினும் ஒன்பது மாதத்தில் விற்பனைக்கு வந்த நல்ல மிட்ஜெற் ஒன்றையும் நான் காணவில்லை.

இளைய தலைமுறை விரும்புவது எஸ் 660. 2015இல் வந்து 2022இல் உற்பத்தி நின்ற இந்தக் காரில், 658 சீசீ டர்போ எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின்சில்லுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. வலு 64 குதிரை, எடை 830 கிலோ, ஆறு கியர். கொழும்பில் ஒன்றை ஓடிப் பார்த்தேன். வளைவுகளில் அதன் பிடியும் கியர் மாற்றும் கையின் இதமும் உண்மையிலேயே உயர்ந்தவை. ஏசி வேலை செய்கிறது, பெற்றோல் செலவு குறைவு, வயதும் குறைவு. இவ்வளவு இருந்தும் எனக்கு அது ஒத்துவராமற் போனதற்கு மூன்று காரணங்கள். கூரை என்பது பாய்போலச் சுருட்டிக் கையால் எடுத்து முன்பக்கப் பெட்டிக்குள் வைக்கும் ஒரு துணி. இறங்கி நின்றுதான் கழற்றவும் பூட்டவும் வேண்டும். கார்த்திகை மாதத்தில் நாவற்குழியைத் தாண்டும்போது மேகம் இருண்டால், மழை விழுந்து முடிந்த பின்னரே நீங்கள் பூட்டி முடிப்பீர்கள். இரண்டாவது, பொதி வைக்க இடமே இல்லை. சந்தைக்குப் போய் ஒரு வாழைக்குலை வாங்கினால் பக்கத்து இருக்கையில்தான் வைக்க வேண்டும். மனைவியும் கூட வந்திருந்தால் அதற்கும் வழியில்லை. மூன்றாவது, தரையிலிருந்து அடித்தட்டு வரை 125 மில்லிமீற்றர், அதாவது ஐந்து அங்குலம். எங்கள் வீடுகளின் படலைக்கு முன்னால் வெள்ளவாய்க்காலுக்கு மேல் போட்டிருக்கும் கொங்கிறீற் சரிவை நினைத்துப் பாருங்கள்.

கோப்பனின் அலுமினியக் கூரை பொத்தானை அழுத்தினால் தானே மடியும். மூடினால் முழுமையான கூரை, வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் 2002ஆம் ஆண்டு தொடங்கி வந்த முதல் தலைமுறைக் கார்களில் அந்தக் கூரையை இயக்கும் ஐதரோலிக் பம்பும் குழாய்களும் பலவற்றில் இப்போது இருபது வருடம் தாண்டியவை. ஒயில் ஒழுகத் தொடங்கினால் அதை இங்கே திறந்து பார்த்த அனுபவமுள்ளவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

இனி ரோட்ஸ்டர். 1989இல் வந்த முதல் தலைமுறை 4 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியாகி, உலகமெங்கும் ஓடுகிற கார். 1597 சீசீ எஞ்சின், யப்பான் மொடலில் 120 குதிரைவலு, எடை 940 கிலோ, ஐந்து கியர், பின்சில்லு இழுவை. கூரையை இருக்கையில் இருந்தபடியே ஒரு கையால் திறக்கவும் மூடவும் முடியும். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, ஆகவே பழுதாக மோட்டாரும் இல்லை. எனக்கு முதலில் பெரிய கேள்வியாக இருந்தது யாழ்ப்பாணத்தில் இதை யார் திருத்துவார் என்பதுதான். எங்கள் மெக்கானிக் பொனற்றைத் திறந்ததும் சிரித்தார். அதன் எஞ்சின் மஸ்டா பமிலியா கார்களில் வந்த அதே குடும்பம். பமிலியாக்களை அவர் இருபது வருடமாகக் கழற்றிப் பூட்டியவர். நீளவாக்கில் வைத்திருப்பதால் கை நுழைய இடமும் கூட என்றார். ரைமிங் பெல்ற், பம்பு, கிளச்சின் சிறிய சிலிண்டர் போன்றவை அரிதான பொருள்கள் அல்ல. இந்தக் காருக்கென்றே உதிரிப்பாகம் செய்து விற்கிறவர்கள் வெளிநாடுகளில் பலர் இருப்பதால், மிச்சம் பொதியாக வரும்.

ரோட்ஸ்டரின் எதிரி கறள். அதுவும் மறைவிடத்துக் கறள். கூரையில் விழும் மழைநீர், துணியின் அடியிலுள்ள பீலியால் வந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரத்திலும் உள்ள துளைகளால் கீழே இறங்கி வெளியேற வேண்டும். அந்தத் துளைகள் அடைபட்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடும் பெட்டித் தகட்டுக்குள் இறங்கி, உள்ளிருந்தே அதைத் தின்னத் தொடங்கும். எங்கள் ஊரில் கார் நிற்பது பெரும்பாலும் வேம்புக்குக் கீழே. சித்திரையில் உதிர்கிற வேப்பம்பூவும் செம்மண் புழுதியும் சேர்ந்து அந்தத் துளைகளில் களிபோல் இறுகிவிடும். ஐப்பசி மழை அதன்மேல்தான் விழும். கடற்காற்று வேறு. குருநகரிலோ காரைநகரிலோ நின்ற கார் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரை றேடியேற்றருக்குள் விட்டால் கேத்தலின் அடியில் படிவதுபோல உள்ளே வெள்ளைப் படிவு கட்டும். மைனரின் பழைய பித்தளை றேடியேற்றர் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ரோட்ஸ்டரின் மெல்லிய குழாய்கள் பொறுக்கா. எந்தக் காரானாலும் றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அதை விலைக்கணக்கில் சேருங்கள்.

நான் வாங்கிய கார் நீர்கொழும்பில் இருந்தது. 1990 மொடல், சிவப்பு, கண் திறந்து மூடுகிற முன்விளக்குகள் இரண்டும் சரியாக எழும்பின. காலையில் வருகிறேன், அதுவரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். தொடக்கத்தில் வால்வுப் பக்கத்தில் டிக் டிக் என்று சத்தம் வந்து இரண்டு நிமிடத்தில் அடங்கியது. ஒயில் மாற்றாமல் விட்டதன் அடையாளம் அது, பயப்படத்தக்கதல்ல. பிறகு மெக்கானிக் ஒரு வாளித் தண்ணீரைக் கூரையின் பின்பக்கமாக மெதுவாக ஊற்றச் சொன்னார். வலப்பக்கத்தில் சில்லுக்கு முன்னால் தண்ணீர் விழுந்தது. இடப்பக்கத்தில் ஒரு துளியும் விழவில்லை. அவர் தன் பையில் இருந்து தங்கூசித் துண்டொன்றை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் குனிந்து, துளைக்குள் விட்டுச் சுழற்றினார். சிறிது நேரத்தில் கறுத்த சேறு பிதுங்கி வந்து, அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது. துணி சுற்றிய காந்தத்தைப் பெட்டித் தகட்டின் மேல் ஓட்டிக்கொண்டு போனார். இடப்பக்கப் பின்சில்லுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஓரிடம், காந்தம் ஒட்டாமல் விழுந்தது. அங்கே தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிதான் இருந்தது.

இவ்விடத்தில் பேரம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் பேரத்தின் முக்கால்வாசி அந்தக் காந்தம் விழுந்த நொடியிலேயே முடிந்துவிட்டது.

பழைய காரை அன்போடு வைத்திருந்த ஒருவரிடம் அந்தக் காரை இழித்துப் பேசி விலை குறைக்க முயல்வது பண்பும் அல்ல, பயனும் தராது. அவர் முகம் கறுத்துவிட்டால் பிறகு விலை இறங்காது. காரின் சொந்தக்காரரான ஐயா, தகட்டைக் கண்டதும் சற்றுத் தளர்ந்த குரலில், "தம்பி, பதினொரு வருசமா இதைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தனான்" என்றார். "அது காரைப் பார்க்கவே தெரியுது ஐயா. நான் குறை சொல்ல வரேல்லை. இந்தத் தகட்டை வெட்டி ஒட்டுற செலவை மட்டும் ரெண்டு பேருமா இருந்து எழுதிப் பாப்பம்" என்றேன். கொப்பி ஒன்றை எடுத்து எழுதினோம். தகட்டு வேலையும் பெயின்றும் முதலாவது. ரைமிங் பெல்ற் மாற்றியதற்கு அத்தாட்சி இல்லை என்பதால் பெல்ற்றும் தண்ணீர்ப் பம்பும் அடுத்தது. பின்கண்ணாடி பிளாஸ்ரிக், சிப்பைத் திறக்காமல் கூரையை மடித்ததால் நடுவில் வெடித்திருந்தது. ரயர்களின் தடம் புதிதுபோல இருந்தாலும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் 2314 என்று காட்டியது, அதாவது 2014ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது கிழமையில் செய்தவை. ஓடாமல் நின்றே பழசான ரயர் மழையில் வழுக்கும் என்பதை அவரும் அறிந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அவரே தொகை சொன்னார், நான் எழுதினேன். ஓரிரு இடத்தில் அவர் சொன்னது நான் நினைத்ததைவிடக் கூடவாகவே இருந்தது. கூட்டினால் 6 இலட்சத்து 50 ஆயிரம் வந்தது. அவ்வளவையும் கழிக்கும்படி நான் கேட்கவில்லை. ரயர் எப்படியும் தேய்ந்துபோகிற பொருள், அதில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அந்த ஒரு விட்டுக்கொடுப்புக்குப் பின்னர் மிச்சத்தைப் பற்றி அவர் வாதாடவேயில்லை.

வடக்கில் இருந்து தெற்குக்குக் கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார் என்பது விற்பவருக்குத் தெரியும். மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு, கையில் காசோடு, ஒரே நாளில் முடித்துத் திரும்பும் எண்ணத்தில் போனால், பேரம் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நான் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். இடையில் எஸ் 660ஐயும் பார்த்தேன், அதைப் பார்க்கப் போவதை ஐயாவிடம் மறைக்கவும் இல்லை. முதல்நாள் பார்த்துவிட்டு விலை பேசாமலே எழும்பினேன். தரகரையும் விலை பேசும் இடத்தில் இருத்தக் கூடாது. அவருடைய பங்கு என்ன, அதைக் கொடுப்பது வாங்குபவரா விற்பவரா என்பதை முதலிலேயே தீர்த்துவிட்டு, மரியாதையாகத் தேநீர் குடிக்க அனுப்பிவிட வேண்டும்.

விலை படிந்ததும் அச்சாரம் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் உங்கள் முன்னால் இருப்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓப்பின் பேப்பர் என்று சொல்லி, முன்னைய உரிமையாளர் ஒப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறிக்கொண்டே வரும் கார்கள் இந்த வகையில் ஏராளம். அந்த முன்னைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்துபோயிருந்தாலோ பெயர் மாற்றம் வருடக்கணக்கில் இழுபடும். லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இருந்தால், கடன் தீர்ந்து பெயர் நீக்கப்பட்ட பின்னரே பணம். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நீங்களே குனிந்து பார்த்து எழுத வேண்டும், விற்பவர் வாசிக்கக் கேட்டு எழுதக் கூடாது. மைனர்களில் டட்சன் எஞ்சின் மாற்றிப் போட்டிருப்பது வழக்கம். மாற்றியது குற்றமல்ல, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால்தான் சிக்கல். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி மூன்றும் தொடர்ச்சியாக எடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கார் மறந்துபோன கொட்டிலொன்றில் வருடக்கணக்காகக் கிடக்கவில்லை என்பதற்கும் அது சான்றாகும். ஐயாவின் கோவையில் பதினொரு வருடத்து அனுமதிப்பத்திரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளிப் போட்டிருந்தன. நான் அச்சாரத்தை எடுத்து வைத்தது அந்தக் கோவையைப் பார்த்த பின்னர்தான்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். வீட்டில் இது ஒன்றே காராக இருக்கப் போகிறது என்றால், உண்மையான எம்.ஏ.ரீ. மைனரைத் தேடுங்கள், கிடைக்கும்வரை பொறுத்திருங்கள், கேட்ட விலையைக் கொடுத்தாலும் நட்டமில்லை. நான்கு இருக்கையும், ஊர் முழுக்க அதைத் திருத்தத் தெரிந்த கைகளும் அந்த விலைக்குள் அடக்கம். குடும்பத்துக்கு வேறு கார் இருந்து, ஓடும் இன்பத்துக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், பெட்டித் தகடு சுகமாக உள்ள, அல்லது உள்ள குறை கண்ணுக்குத் தெரிந்து எண்ணிக் கழிக்கத்தக்க ரோட்ஸ்டர். எஸ் 660 கொழும்பில் மூடிய தரிப்பிடம் உள்ள இளைஞருக்கு உரியது. அவருக்கு அது மிக நல்ல கார்.

பெயர் மாற்றப் படிவங்களில் ஒப்பம் வாங்கி, கடைசித் தொகையை வங்கியில் மாற்றிவிட்டு, அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பழைய ரயர் என்பதால் எழுபதுக்கு மேல் ஓடவில்லை. மதவாச்சி தாண்டும் வரை கூரையைத் திறந்திருந்தோம், வவுனியாவில் வெயில் ஏற மூடினோம், முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். பின்னேரத்துக்குள் கோண்டாவிலுக்கு வந்துவிட்டோம். வீட்டுப் படலையில் கொங்கிறீற் சரிவு அடித்தட்டில் முட்டியது. காரை ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு, தம்பி உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். இரண்டு அங்குலம் செதுக்கி, இரண்டு பலகை போட்டு, இருட்டுவதற்கு முன் அதை வேம்பில்லாத பக்கமாக, தகரக் கொட்டிலுக்குள் விட்டோம்.